பென்சிலுக்கு மேல் பேனா

பேச மாட்டாளாம். பேசாமலே இருக்கட்டும், எனக்கென்ன வந்தது. நாற்பது நிமிஷம் போனால் மணி அடித்துவிடும், அவள் அவள் வழியில் போவாள், நான் லெவன்த் பி செக்ஷனுக்குத் தவளையின் இதயத்தை நடத்தப் போவேன். நானா இவளைக் கூப்பிட்டேன்? பிள்ளைகள் மதியச் சோற்றை வாயில் வைத்திருக்கும்போது மைக்கில் கூப்பிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு ஏ பிரிவு நவீனா, ஆலோசனை அறைக்கு வரவும். ஆயிரத்து எண்ணூறு தலைகளும் தட்டிலிருந்து நிமிர்ந்திருக்கும். கதவில் ரகசியம் காக்கப்படும் என்று ஒட்டியிருக்கிறது, ஊருக்கே மைக் போட்டுவிட்டு அப்புறம் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து மேஜை ஓரத்தில் சன்மைக்கா பெயர்ந்த இடத்தை நகத்தால் நோண்டிக்கொண்டே இருந்தாள். "நோண்டாதே, பள்ளிக்கூடச் சொத்து" என்றேன். மனநல ஆலோசகராக இன்றைக்கு நான் திருவாய் மலர்ந்தது அவ்வளவுதான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது துப்பட்டா நுனியில் நூலைப் பிரிக்கிறாள். அது அவள் சொத்து, பிரிக்கட்டும். ஃபேன் மூன்றாம் நம்பரில் சுற்றுகிறது, நான்கில் வைத்தால் கத்தும். மணி ஒன்று நாற்பத்தேழு.

நான் ஆலோசகராம். பதினாறு வருஷமாக இதே பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிற வசந்தாமணி டீச்சர், போன கல்வியாண்டு ஜூன் மாதத்திலிருந்து மனநல ஆலோசகர். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது, ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் இருக்க வேண்டும் என்று. படித்த ஆளை வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டுமே. "ரெண்டு நாள் ட்ரெயினிங்தானுங்க டீச்சர், நீங்களே போய்ட்டு வந்துருங்க, உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி" என்றார் தாளாளர். பொறுமையாம். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு இந்த ஊரில் அப்படி ஒரு பெயர். சேலத்தில் ஒரு ஓட்டல் மண்டபம், இரண்டு நாள், வெஜ் பிரியாணி, கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை. கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள், கொஞ்சம் முன்னால் சாயுங்கள், குழந்தை பேசாவிட்டால் நீங்களும் பேசாதீர்கள், மௌனம் தானாக உடையும். எங்கே உடைகிறது? இந்த அறை முன்பு விலங்கியல் சாமான் போட்டுவைக்கிற அறை. பலகையின் மேல் புதுப் பெயரை ஒட்டினார்கள், சாமானை எடுக்கவில்லை. வைக்க வேறு இடம் இல்லை என்றார்கள். அதனால் மனம் விட்டுப் பேச வருகிற பிள்ளைக்கு எதிரே கண்ணாடி ஜாடியில் ஒரு நாகப்பாம்பு சுருண்டு கிடக்கும், பக்கத்தில் ஒரு ஓணான், அதற்கும் பக்கத்தில் மூக்கு உடைந்த ஒரு எலும்புக்கூடு. ஃபார்மலின் வாடை துணியில் ஏறிக்கொள்ளும். ஆய்வுக்கு வந்த அதிகாரி வாசலிலேயே நின்று கைக்குட்டையை மூக்கில் வைத்தார், போட்டோ எடுத்துக்கொண்டார், போய்விட்டார். போட்டோவில் நான் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இவளுக்கு என்ன கேடு என்றுதான் எனக்கு விளங்கவில்லை. கேடு என்று சொல்லக் கூடாது, சவால் என்று சொல்ல வேண்டும் என்று அந்த ட்ரெயினிங்கில் சொன்னார்கள். சரி, இவளுடைய சவால் இது. அரையாண்டுத் தேர்வு ஆறு பேப்பரிலும் எல்லா விடையும் எழுதியிருக்கிறாள். மார்ஜின் விட்டு, தலைப்புக்கு அடிக்கோடு போட்டு. என் பேப்பரில் அவள் போட்ட நெஃப்ரான் படம் புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாக இருந்தது. எழுதி முடித்துவிட்டு ஒவ்வொரு விடையையும் மூலைக்கு மூலை கோடிட்டு அடித்திருக்கிறாள். அடித்தது போதாதென்று ஒவ்வொன்றுக்கும் கீழே, மேற்கண்ட விடை என்னால் அடிக்கப்பட்டது, மேற்கண்ட விடை என்னால் அடிக்கப்பட்டது. நாங்கள் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. பொதுத்தேர்வில் ஒரு விடையை அடித்தால் அப்படி எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடித்தது பிள்ளையா வேறு யாராவதா என்று வம்பு வரும். செப்டம்பரில் நான்தான் போர்டில் எழுதிப்போட்டு ஆளுக்குப் பத்துத் தடவை எழுத வைத்தேன். என்னிடம் படித்த வாக்கியத்தை என் பேப்பரிலேயே இருபத்தோரு இடத்தில் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அடித்ததைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன், முப்பத்தைந்துக்கு முப்பத்துநாலு. யாரும் பார்க்காதபோதுதான் கூட்டினேன். ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார் "எவனையாவது லவ் பண்ணுதா இருக்கும்" என்றார். பிசிக்ஸ் மிஸ் "திமிருங்க, வேறென்ன" என்றாள். நானும் பேசாமல் இருந்திருக்கலாம். "கொழுப்பு, சோறு செமிக்கல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் சொன்னேன் என்று எனக்கும் அப்போது இருந்தது.

மேஜைமேல் படிவம் இருக்கிறது. நாலே நாலு கேள்வி. பெயர், வரக் காரணம், ஆலோசகரின் கருத்து, பரிந்துரை. இங்கே ஒரு வழக்கம் உண்டு, வெளியே சொன்னால் நம்ப மாட்டார்கள். படிவம் ஆபீஸிலிருந்து வரும்போதே பதில்கள் பென்சிலில் எழுதி வரும், லேசாக, மஞ்சள் பென்சிலில். நாங்கள் அதன் மேலேயே பேனாவால் எழுதி, காய்ந்ததும் ரப்பரால் பென்சிலைத் துடைத்துவிட வேண்டும். இன்றைக்கு வந்ததில் மூன்றாவது கேள்விக்கு மனநிலை சீராக இல்லை, நாலாவதற்கு வீட்டில் இருந்து ஓய்வெடுத்தல் அவசியம், பள்ளிச் சூழல் உகந்ததன்று. உகந்ததன்று! அந்த க்ளார்க்குக்கு இப்படி ஒரு வார்த்தை எங்கிருந்து வந்ததோ. தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை போகிறது. இவள் பெயர் அதில் இருக்கக் கூடாது, பொதுத்தேர்விலும் அடித்துவைத்தாள் என்றால் நூறு சதவீதம் என்ற ஃப்ளெக்ஸ் என்ன ஆவது. டிசி கொடுத்து அனுப்பிவிட்டால் தனியாக எழுதிக்கொள்வாள், எழுதாவிட்டாலும் யாருக்கு நஷ்டம். அப்பன்காரன் கீழே பதினொரு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறான். போர்வெல் வண்டியில் ட்ரில்லராம், சத்தீஸ்கர் பக்கம் வேலையாம், போன் போனதும் ரெண்டு நாள் ரயிலில் வந்திருக்கிறான். சட்டையில் இன்னும் அந்த ஊர் மண். கருத்து வந்ததும் அவனிடம் ரெண்டு கையெழுத்து, கதை முடிந்தது. எனக்கு இதில் பிடிக்காதது என்னவென்றால் அந்தப் பென்சில் எழுத்து பொய்யில்லை. இவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும், கண்ணுக்குக் கீழே கரியைப் பூசினாற்போல் இருக்கிறது. சரியில்லைதான். ஆனால் சரியில்லை என்று நான் எழுதினால் இவளைச் சரிபண்ண மாட்டார்கள், தூக்கி வெளியே போடுவார்கள். அப்பன் மறுபடி ரயில் ஏறுவான், அம்மா தறிக்குப் போவாள், இவள் பகல் முழுக்கத் தனியாக வீட்டில் கிடப்பாள். நலமாக உள்ளார் என்று எழுதினால் இங்கேயே ஹாஸ்டலில், நாலரை மணி பெல்லுக்கு எழுந்து, யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடப்பாள். இப்படிப் போனாலும் இவள், அப்படிப் போனாலும் இவள். எப்படிப் போனாலும் அடியில் என் கையெழுத்து. அதுவும் சும்மா கையெழுத்தா, என் பெண் தன்யா இங்கேதான் ஒன்பதாவது படிக்கிறாள், ஸ்டாஃப் பிள்ளை என்று சலுகையில். தாளாளர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "பாப்பா நல்லாப் படிக்குதுங்களா?" என்று கேட்பார். ரொம்பப் பாசமாகக் கேட்பார், சலுகை யார் கையில் இருக்கிறது என்று நான் மறந்துவிடக் கூடாதாம்.

மதன்ராஜை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்றால் நினைப்பு அங்கேதான் போய் நிற்கும், என் மண்டையின் லட்சணம் அது. போன பிப்ரவரி. இதே நாற்காலி, அவன் உயரத்துக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் குறுக்கே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்நூற்று எண்பதைத் தாண்டுவான் என்று எதிர்பார்த்த பையன். திடீரென்று வகுப்பில் அழுகிறான், காரணம் கேட்டால் தெரியவில்லை என்கிறான், அனுப்பினார்கள். அன்றைக்குப் படிவத்தில் பென்சிலில் நலமாக உள்ளார், தேர்வு பயம் மட்டுமே. நான் கேட்டேன். என்ன கேட்டேன்? "எல்லாம் சரிதானேப்பா?" என்று கேட்டேன். பதிலையும் நானே உள்ளே வைத்துக் கேட்டால் அவன் வேறு என்ன சொல்வான். "சரிங்க மிஸ்" என்றான். பென்சிலின் மேல் பேனாவை ஓட்டினேன். பதினோராம் நாள் அவன் இல்லை. எப்படி என்று சொல்ல மாட்டேன், அதை மட்டும் என் தலைக்குள்கூட முழுதாகச் சொல்லிப் பார்த்ததில்லை. போலீஸ் வந்தது, ஃபைலைக் காட்டினார்கள். ஆலோசகர் பார்த்திருக்கிறார், நலமாக உள்ளார் என்று எழுதியிருக்கிறார், பள்ளிக்கு இதில் சம்பந்தம் இல்லை. என் கையெழுத்துத்தான் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியது. தாளாளர் என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். அந்த டீயை நான் குடித்தேன். சர்க்கரை போதவில்லை என்று மனசுக்குள் குறைகூட நினைத்தேன். அந்த ட்ரெயினிங்கில் இரண்டாம் நாள் பேசிய அம்மா, தொண்டை கட்டியிருந்தது, அடிக்கடி வெந்நீர் குடித்தாள், "அந்தக் கேள்விய நேரா கேளுங்க, சாகணும்னு தோணுதான்னு அதே வார்த்தைல கேளுங்க, கேட்டா எங்க அந்த எண்ணம் வந்துருமோன்னு பயப்படாதீங்க, கேக்கறதுனால யாருக்கும் வர்றதில்ல, கேக்க ஆள் இல்லாததுதான் கஷ்டம்" என்றாள். நான் நோட்டில் எழுதிக் கீழே ரெண்டு கோடு போட்டேன், ஐந்து இருபது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே. கேட்டிருந்தால்? கேட்டிருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன். தோணுது என்று அவன் சொல்லியிருந்தால் அதற்கு அடுத்த வாக்கியம் என்னிடம் இருந்ததா? அதற்காகத்தான் கேட்கவில்லை. பயம், வேறொன்றும் இல்லை, பச்சையான பயம். இன்றைக்கும் அதே பயம்தான் நாக்கின் அடியில் இருக்கிறது. இந்தப் பெண்ணைப் பார்த்தால் எரிச்சல் எரிச்சலாக வருவதும் அதனால்தான். மணி இரண்டு ஐந்து.

"மிஸ், அந்தப் பாம்பு செத்து எத்தன வருசமாச்சுங்க?" திடீரென்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சேர்வதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது என்றேன். "கண்ணு தொறந்தே இருக்குங்க." பாம்புக்கு இமை கிடையாது என்றேன். பாடம் நடத்துவது ஒன்றுதான் எனக்குத் தெரியும், யார் கூப்பிட்டாலும் பாடம்தான் வரும். அவள் ஜாடியைப் பார்த்தபடியே, "எனக்கும் மூட மாட்டேங்குதுங்க மிஸ்" என்றாள். நான் முன்னால் சாயவில்லை. கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், பிரிக்கத் தோன்றவில்லை. எத்தனை நாளாக என்றேன். "தீவாளி லீவு முடிஞ்சு வந்ததுல இருந்துங்க. கண்ண மூடுனா விடை ஓடுதுங்க மிஸ். மொதல் பாடத்துல ஆரம்பிச்சு அப்படியே வரிக்கு வரி ஓடுது. பாத்ரூம் போனா ஓடுது, சாப்டா ஓடுது. பரிச்ச எழுதி முடிச்சதுக்கப்பறமும் ஓடுச்சு. அடிச்சா நிக்கும்னு நெனச்சு அடிச்சேன்." நின்றதா என்று கேட்டேன். "இல்லீங்க." கொழுப்பு என்று சொன்னேனே, சோறு செமிக்கவில்லை என்று சொன்னேனே, என் வாயில் எதையாவது போட்டுப் பொசுக்க வேண்டும். தீபாவளியிலிருந்து பொங்கல்வரை ஒரு பிள்ளை தூங்கவில்லை. வார்டன் என்ன செய்தாள், இவள் பக்கத்துக் கட்டில்காரி என்ன செய்தாள், நான் என்ன செய்தேன், நெஃப்ரானுக்கு மார்க் போட்டேன். இப்போது கேட்க வேண்டும். கேட்காதே. இன்னும் பதிமூன்று நிமிஷம்தான், தண்ணீர் குடிக்கச் சொல், தியானம் பண்ணு என்று சொல், நைட்டு பால் குடி என்று சொல், எல்லாரும் சொல்வதுதானே. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது என்று நான் எவனிடமும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லிக்கொள்வதற்காகத்தானே இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன். கேட்டுவிட்டேன். "நவீனா, சாகணும்னு தோணுதா உனக்கு?" என் குரல் மாதிரியே இல்லை, தெருச்சண்டையில் கேட்பதுபோல வந்தது. அவள் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. "தோணுதுங்க மிஸ்" என்றாள். எப்போதாவதா, எப்போதுமா? "முன்னாடி எப்பவாச்சுங்க. இப்பல்லாம் எந்நேரமும்."

அந்த அம்மா சொன்னது சரி, வானம் இடிந்து விழவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் உடனே படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "நல்லா இருக்கேன்னு எழுதிருங்க மிஸ். டிசி குடுத்தா அப்பா செத்துருவாருங்க. அவருக்குத் தெரிய வேண்டாம். யாருகிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டதான் சொன்னேன்." ஏன் என்னிடம் என்று கேட்டேன், கேட்கும்போது கேவலமாக உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பதினாறு வருஷத்தில் ஒரு பிள்ளையாவது என்னை நம்பியிருக்கிறதே என்று. "நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்கல்லங்க மிஸ்" என்றாள். குத்திக்காட்டவில்லை, நக்கல் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். "மதன் அண்ணன் விசயத்துலகூட நீங்க யாருகிட்டயும் எதுவும் சொல்லலியாம், எங்க ஹாஸ்டல்ல எல்லாத்துக்கும் தெரியுங்க. அதான் உங்ககிட்ட சொன்னா எங்கயும் போகாதுன்னு." கையில் பேனா இருந்தது. இந்தக் கழுதைக்கு ஒரு அறை விட வேண்டும்போல் இருந்தது. பொட்டைப் பிள்ளையை அறையக் கை வருகிறது, அந்தத் தாளாளர் டீ கொடுத்தபோது எங்கே போயிருந்தது இந்தக் கை. இப்படியா என் பெயர் பரவியிருக்கிறது, சாக நினைக்கிற பிள்ளை நம்பி வந்து சொல்லலாம், டீச்சர் விரலைக்கூட அசைக்க மாட்டாள், அவ்வளவு பத்திரமான இடம். இதைத்தான் பொறுமை என்றார் அந்த ஆள். ஆமாம், எழுதிவிடலாம், நலமாக உள்ளார், அவளும் அதைத்தான் கேட்கிறாள், பழி என்மேல் இல்லை, பிள்ளையே கேட்டது. நானே எனக்குச் சொல்லிக்கொடுக்கிற பொய் எத்தனை வேகமாக வருகிறது பார், பென்சில்கூட வேண்டியதில்லை.

எழுந்தேன். எழுந்ததற்கு நான் காரணமில்லை, முழங்கால் தானாக எழுந்தது. கதவைத் திறந்து வராந்தாவுக்கு வந்தேன். கீழே ஆபீஸ் வாசலில் அந்த மனுஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் பரீட்சை அட்டை, அதன்மேல் காகிதம், க்ளார்க் குனிந்து விரலால் இடம் காட்டுகிறான். என் கருத்துக்காகக்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. நவீனா அப்பா என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. "அவருக்குக் காது மந்தங்க, வண்டிச் சத்தத்துல போயிருச்சு, விடுங்க மிஸ், வேண்டாங்க மிஸ்" என்று பின்னாலிருந்து அவள் என் சேலையைப் பிடித்து இழுக்கிறாள். கிழிந்தால் கிழியட்டும். வகுப்பில் பதினாறு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த குரலையெல்லாம் எடுத்துக் கத்தினேன். "அண்ணா! கையெழுத்துப் போடாதீங்க! புள்ளைக்கு ஒடம்பு முடியல, தூங்கியே ரெண்டு மாசம் ஆச்சு, மேல வாங்க, ஆசுபத்திரிக்குப் போகணும், நானும் கூட வாரேன்!" ஒன்பதாவது வகுப்பு ஜன்னலில் தலைகள் முளைத்தன, அதில் ஒன்று தன்யா. தாளாளர் அறைக் கண்ணாடிக் கதவு திறந்தது. இனி அவர் பாப்பாவைப் பற்றி விசாரிக்க மாட்டார். வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனுஷன் காகிதத்தைப் பெஞ்சில் போட்டுவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் ஓடிவருகிறார். அவள் சேலையை விட்டுவிட்டாள். "ச்சீ. உங்களப் போயி நம்புனேன் பாருங்க" என்றாள். மிஸ் என்று சொல்லவில்லை. அவள் கண்ணில் நன்றி மண்ணாங்கட்டி ஒன்றும் இல்லை, சுத்தமான வெறுப்பு, இந்த ஜென்மத்துக்கு மன்னிக்க மாட்டாள். அப்பன் மேலே வருவதற்குள் ஓடிவிடப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்தேன், கையை நகத்தால் பிறாண்டினாள், விடவில்லை. வெறுக்கட்டும். இன்றைக்கு வெறுக்கட்டும், அடுத்த பொங்கலுக்கு வெறுக்கட்டும், காலேஜ் போய், வேலைக்குப் போய், கல்யாணம் கட்டி, தலை நரைத்து, பெற்ற பிள்ளைகளை உட்காரவைத்து வசந்தாமணி என்று ஒரு சண்டாளி இருந்தாள் என்று சொல்லிச் சொல்லி வெறுக்கட்டும்.